பாதியில் விலகியவர்கள் இறங்கும் ஊர்

கருவேலங்கரையில் முதல் ஆள் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது பஸ்ஸில் என்று ஒரு கட்சி, இல்லை, அவன் முந்தின வாரமே வந்துவிட்டான், உங்களுக்குத்தான் கண் தெரியவில்லை என்று இன்னொரு கட்சி, இரண்டு கட்சியும் இன்றைக்கும் ஊரில் உண்டு. ஆனால் அவன் கையில் மண்வெட்டி இருந்தது, முழங்கால் வரைக்கும் ஈரம் காயாத களிமண் அப்பியிருந்தது, டீக்கடை ஆறுமுகநயினார் நீட்டிய கிளாஸை வாங்கிக்கொண்டு, களைப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு முகத்தோடு அவன் அந்தச் சொற்களைச் சொன்னான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

"நாங்க ரெண்டு பேரு ஒரு வாய்க்கா வெட்டிக்கிட்டு இருந்தோம் அண்ணாச்சி. நாலு நாள் கழிச்சு நான் வெலகிட்டேன்."

"சண்டையா?" என்று கேட்டார் நயினார்.

"இல்ல."

"மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பொறவு ஏன் வெலகுன?"

அவன் அந்தக் கேள்வியைக் கிளாஸைத் திருப்புவது மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "நாலு நாள் ஆச்சு. வெலகிட்டேன்," என்றான். நயினாருக்கு அது போதுமான பதிலாக இருந்தது. வெயில் ஏறுமுன் வேப்பமரத்தடிக்குப் போய் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். ஒரு மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்து ஆறாம் நாள் விலகியவன் வந்தான், வாளியோடு. கிணறு தோண்டியதில் மூன்றேகால் நாளில் விலகியவன் வந்தான், அந்தக் கால் நாளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். ஒரு வயலை அறுத்துக்கொண்டிருந்த எட்டு ஆண்களும் பன்னிரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் மொத்தமாக வந்து இறங்கினார்கள், ஏனென்றால் அவர்கள் மொத்தமாக விலகியவர்கள், அன்றைக்குக் கண்டக்டர் போட்ட சத்தம் போலீஸ் ஸ்டேஷன் வரை கேட்டது. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் வேலைக்காரர்கள், எல்லோரும் ஏதோ ஒரு வேலையை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டு வந்தவர்கள்.

அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் சுடலைவடிவு. கண்டுபிடித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்ததும் தெரிந்துவிட்டது, தினமும் பார்க்கும் முகங்களாயிற்றே. உரக்கடை மாடியில் இருந்த வெற்றிப்படி பயிற்சி மையத்தில் பாங்குப் பரீட்சைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் அவள். வயது முப்பத்தொன்று. அவளிடம் படித்தவர்களில் இருபத்தேழு பேர் பாங்கில் உட்கார்ந்திருந்தார்கள், அவள் மட்டும் ஒன்பது தடவை எழுதி ஒன்பது தடவையும் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தாள். கணக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பரீட்சை ஹாலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பழைய கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து, நயினார் முன்னால் வைத்தாள்.

"ஏயும் பியும் சேர்ந்து ஒரு வாய்க்காலைப் பன்னிரண்டு நாளில் வெட்டுவார்கள். நான்கு நாட்களுக்குப் பின் பி விலகிவிட்டால்," என்று வாசித்தாள். "மரத்தடியில இருக்காரே, அவருதான் அந்த பி."

நயினார் எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். "அப்ப அந்த ஏ?"

"அவரு அங்கதான் இருப்பாரு அண்ணாச்சி. மிச்சத்த வெட்டிக்கிட்டு."

"பாவம்," என்றார் நயினார். அன்று சாயந்தரத்துக்குள் ஊரே பாவம் என்றது. கருவேலங்கரைப் பெண்கள், பார்த்தே இராத அந்த ஏவுக்காக இரண்டு நாள் வருத்தப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது. பஞ்சாயத்தில் அவர்களுக்குப் பழைய நூலகக் கட்டடத்தை ஒதுக்கினார்கள். பெயர் கேட்டால் எல்லோரும் பி என்றார்கள், அபூர்வமாக ஒன்றிரண்டு சி, அது ரேஷன் கடைக்கு ஒத்துவராது என்பதால் அவரவர் நாளே பேராயிற்று: நாலுநாள், ஆறுநாள், மூணேகால். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வந்தார்கள், எந்த வேலையானாலும் தங்கள் நாள் முடிந்ததும் கருவியைக் கழுவிக் குப்புற வைத்துவிட்டுப் போனார்கள். நாலுநாள் செய்யும் வேலை எதுவும் நாலு நாளில் முடியாது, நாலாம் நாள் சாயந்தரம் எப்படியும் ஒரு பிடி மிச்சம் நிற்கும், கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க விட்டால்கூட கடைசிக் கூடையை வேறு யாராவதுதான் உரிக்க வேண்டும். அதனால் என்ன, தொடங்க ஆள் கிடைத்துவிட்டார்களே என்று ஊர் சந்தோஷப்பட்டது. தொடங்கத்தானே நம் ஆட்களுக்கு மனசு வராது. பத்து வருஷமாகப் பேச்சிலேயே இருந்த ஓடைப் பாலம், ஊருணித் தூர்வாரல், பள்ளிக்கூடக் காம்பவுண்டு எல்லாவற்றையும் அவர்கள் அந்த ஒரே வருஷத்தில் தொடங்கிவைக்க, மிச்சத்தை வெட்கத்துக்காகவாவது ஊர்க்காரர்கள் முடித்தார்கள்.

அவர்களுடைய வேகத்தைப் பார்த்துத்தான் கொத்தனார்கள் சிரித்தார்கள். புத்தகத்தில் போட்ட வேகம் அது. நாம் அரை நாளில் எழுப்பும் சுவருக்கு அவர்கள் ஆறு நாள் எடுப்பார்கள், ஆனால் காலையில் இருந்த வேகம் மாலையிலும் இருக்கும், சித்திரையில் இருந்தது மார்கழியிலும் இருக்கும், பேச மாட்டார்கள், தலை சொறிய மாட்டார்கள், வெற்றிலைக்கு ஒதுங்க மாட்டார்கள். ஊரை விட்டுப் போகவும் அவர்களால் முடியவில்லை. மூணேகால் ஒரு நாள் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் பார்த்தபோது இருக்கை காலி, அவன் டீக்கடை பெஞ்சில் இருந்தான், கையில் டிக்கெட்டோடு.

கல்யாணமும் நடந்தது. புருஷனை இழந்த மரகதத்தை ஆறுநாள் கட்டிக்கொண்டான், ஆறாம் நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நூலகத்துக்குத் திரும்பினான். பஞ்சாயத்துப் பேசப் போனவர்களை மரகதம்தான் தடுத்தாள். "சொல்லிட்டுத்தான கட்டுனாரு? ஆறு நாளும் ஒரு குறை சொல்ல முடியாது," என்றாள்.

இப்படி எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்ட பிறகுதான் அவன் வந்தான்.

அவன் சாந்துக் கரண்டியோடு வந்தான். ஒரு சுவர் கட்டிக்கொண்டிருந்தோம் என்றான். எத்தனை நாள் கழித்து விலகினீர் என்று வழக்கம்போல நயினார் கேட்க, பேர் எழுத வந்திருந்த பஞ்சாயத்துக் கிளார்க் பேனாவைத் திறந்தார்.

"அதச் சொல்லலையே," என்றான் அவன்.

"யாரு சொல்லல?"

"யாருமே சொல்லல. எனக்கும் தெரியாது."

கிளார்க் பேனாவை மூடினார். இப்படி ஒரு ஆள் இதுவரை வந்ததில்லை. வடிவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து, அவன் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரைப் பற்றி, கூட வேலை செய்தவனைப் பற்றி என்னென்னவோ கேட்டாள், அவன் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னான், இடையில் எதையும் வைத்து நிரப்பவில்லை. அதுவே வடிவுக்குப் பிடித்துப்போயிற்று. ஊரில் அப்படிப் பேசுகிற ஆண்பிள்ளை ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

"இவிய வேற பாடம் அண்ணாச்சி," என்றாள் நயினாரிடம். "டேட்டா சஃபிஷியன்சி."

அது அவளுடைய பாடம். அந்தப் பாடத்தில் கணக்கைப் போட வேண்டியதில்லை. மேலே ஒரு கேள்வி இருக்கும், பி எத்தனை நாள் கழித்து விலகினான் என்று. கீழே இரண்டு கூற்று இருக்கும், ஏ தனியாக முடிக்க இத்தனை நாள் என்று ஒன்று, இருவரும் சேர்ந்தால் இத்தனை நாள் என்று ஒன்று. விடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. விடை கண்டுபிடிக்க இந்தத் தகவல் போதுமா, போதாதா? அதை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய கொடுமை. விடையைத் தொடாமல் வர அவர்களுக்குக் கை வராது. அல்லது கேள்வியில் இல்லாததைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்வார்கள், இரண்டு பேருக்கும் ஒரே வேகம் என்று நினைத்துக்கொள்வார்கள், முதல் கூற்றில் படித்ததை இரண்டாவது கூற்றுக்குள் கடத்திக்கொண்டு போவார்கள். "கேள்வி சொல்லாதத நீங்களா சொல்லாதிய," என்று வடிவு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள், சாக்பீஸால் பலகையைத் தட்டித் தட்டி அந்த இடத்தில் ஒரு குழியே விழுந்திருந்தது.

அவனுக்கு ஊர் நாளில்லான் என்று பேர் வைத்தது. நாளில்லாதவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? ஆறுநாளைக் கூப்பிட்டால் ஆறு நாள் நிச்சயம், இவனை நம்பிச் சாந்து குழைத்துவிட்டுப் பத்தாம் நிமிஷம் இவன் கரண்டியைக் கழுவிவிட்டால்? ஒரு மாதம் அவன் வேப்பமரத்தடியில் சும்மா இருந்தான். வடிவுதான் கூப்பிட்டாள்.

வடிவின் அப்பா பஸ் ஸ்டாப்பை ஒட்டிய இடத்தில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, பேஸ்மட்டம் வரை எழுப்பி, அதோடு செத்துப்போயிருந்தார். பதினோரு வருஷமாக அதன் மேல் ஆடு மேய்ந்தது. வடிவும் அம்மாவும் வாடகை வீட்டில் இருந்தார்கள். செங்கல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்திருந்தாள். "ஆறு செவுரு. செவுத்துக்கு நாப்பது வரி. எப்ப வேணாலும் போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்," என்றாள் அவனிடம்.

அவன் ஒரு நாளைக்கு ஒரு வரிச் செங்கல் வைத்தான், காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு ஒரு வரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடிவு வகுப்புக்கு முன்னால் கொஞ்சம், வகுப்புக்குப் பின்னால் கொஞ்சம் என்று வேறொரு சுவரில் அரை வரி வைத்தாள், முதலில் கோணலாக, பிறகு நேராக. பழக்கதோஷம், அவள் மனசு கணக்குப் போட்டுவிட்டது: அவன் தனியாகக் கட்டினால் இருநூற்று நாற்பது நாள், அவள் தனியாகக் கட்டினால் நானூற்று எண்பது, சேர்ந்து கட்டினால் நூற்று அறுபது. எல்லாம் தெரிந்தது. அவன் எப்போது போவான் என்பது மட்டும் அதில் எங்கேயும் இல்லை. முதல் கூற்றும் போதாது, இரண்டாவதும் போதாது, இரண்டையும் சேர்த்தாலும் போதாது.

இருபதாம் நாள் அவன் கேட்டான்: "முடிஞ்சா எப்படி இருக்கும்?"

"எது?"

"வேல. முடிஞ்ச ஒண்ண நான் பார்த்ததே இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை வடிவு அவனை முடிந்தவற்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். மாதா கோவில் கோபுரத்தைக் காட்டினாள், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள், சந்தையில் ஒரு கடைக்காரியிடம் சொல்லிப் பின்னி முடித்த கடவம் என்கிற ஓலைக்கூடையைக் கையில் கொடுத்தாள். அவன் கடவத்தின் விளிம்பை, ஓலை மடங்கி உள்ளே செருகி அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போகிற இடத்தை, விரலால் தடவிக்கொண்டே நின்றான். கடைக்காரி வாங்குகிறீர்களா இல்லையா என்று சத்தம் போட்டாள். வடிவுக்கு அந்த இடத்தில்தான், சந்தைக்கு நடுவில், இந்த ஆளை விட்டால் நான் செத்துப்போவேன் என்று தோன்றியது.

அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னதும் அவள் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "மரகதத்துக்காவது ஆறுன்னு தெரிஞ்சுது. ஒனக்கு என்னளா தெரியும்?"

"எந்தப் பொம்பளைக்கும்மா தெரியும்?" என்றாள் வடிவு. அம்மா மூன்றாம் நாள் சாப்பிட்டுவிட்டுத் தாலிக்குச் சொல்லப் போனாள்.

ஆக, கல்யாணமும் ஆயிற்று, சுவரும் எழுந்தது, ஊர் ஆளுக்கொரு நாளைச் சொல்லிக்கொண்டு காத்திருந்தது. வாசலுக்கு மேல் லிண்டல் வரும்போது போவான் என்றார்கள் ஒரு சாரார். ஆடி பிறந்தால் இருக்க மாட்டான் என்றார் பயிற்சி மையத்து முதலாளி ஞானதிரவியம் சார், ஏன் ஆடி என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நயினார்கூட, வடிவு அந்தப் பக்கம் போனால் குரலைத் தாழ்த்தி, "இருக்காரா?" என்பார். காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் பார்ப்பது ஆணியில் தொங்கும் கரண்டியை. தொங்கினால் இன்றைக்கு இருப்பான். கழுவிக் குப்புறக் கிடந்தால் போய்விட்டான். அவள் புருஷன் தூங்கும் முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

இந்தப் பயத்தில் அவளுக்கு வேறு எந்தப் பயத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. பத்தாவது தடவை, வயது வரம்புக்குள் கடைசித் தடவை, பரீட்சை எழுதப் போனவள் கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டாள். எல்லாக் கேள்விக்கும் கையை மட்டும் ஓட்டிவிட்டு, மனசு முழுக்கக் கரண்டி தொங்குகிறதா என்ற நினைப்போடு ஓடி வந்தாள். கரண்டி தொங்கியது.

வேலை தொடங்கித் தொண்ணூற்று நான்காம் நாள் தபால் வந்தது. பாங்கு வேலை. ஒடிசாவில் காளாஹாண்டி ஜில்லாவில் ஒரு கிளை, பத்து நாளைக்குள் சேர வேண்டும், முதல் ஆறு மாதம் லீவு கிடையாது. வடிவு அதைப் படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடமும் சொல்லாமல், அவனிடமும் சொல்லாமல், வகுப்புக்குப் போனாள். என்ன பாடம் எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்த கணக்கை எழுதினாள்: இருவர் சேர்ந்து ஒரு வீடு கட்டத் தொடங்குகிறார்கள். சில நாட்களுக்குப் பின் ஒருவர் விலகுகிறார்.

முன்வரிசையில் இருந்த ஜெபக்கனி கெட்டிக்காரி. முழுதாக எழுதி முடிக்குமுன்னே கையைத் தூக்கிவிட்டாள். "அக்கா, பி வெலகுன பொறவு ஏ செய்யுதது மிச்ச வேல, அத வச்சு..."

"பி-ன்னு யாரு சொன்னா?" வடிவு பலகையைத் தட்டினாள். "எங்க இருக்கு? வாசி. ஒருவர் விலகுகிறார். எவருன்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா. ஆனா எப்பவும் பிதான்..."

"எப்பவுங்கது கேள்வியில இருக்கா? கேள்வி சொல்லாதத நீயா..."

அவள் சாக்பீஸ் பலகையின் குழிக்குள்ளேயே நின்றது. நாற்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்று நான்கு நாளாக அவளும், அவள் அம்மாவும், நயினாரும், ஞானதிரவியம் சாரும், கருவேலங்கரையில் வாயுள்ள ஒவ்வொருவரும், அவன்தான் விலகுவான் என்று, கேள்வியில் எழுதாத ஒன்றைக் கேள்வியில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை செய்கிற தப்பு. சொல்லிக்கொடுப்பவளே செய்துவிட்டாள்.

அவளுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. பத்து வருஷம் உரக்கடை நாற்றத்தில் நின்றுகொண்டு மற்றவர்களை ரயிலேற்றிவிட்டவள், ரயில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாள். மானங்கெட்ட ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஆனால் அந்த ஆசையை ஒரு துளியும் விடாமல், அவள் இடத்துக்கு வந்தபோது அவன் நாலாவது சுவரில் அன்றைய வரியின் கடைசிச் செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தான்.

தபாலைக் காட்டினாள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, அவளே வாசித்தாள். அவன் செங்கல்லைத் தட்டிச் சமமாக்கிவிட்டு இறங்கி வந்தான்.

"அப்ப நீ வெலகுத," என்றான்.

"ஆமா."

"ஏன்?"

நயினாரும் ஊரும் விலகி வந்தவர்களிடம் கேட்ட கேள்வி, அவன் இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. அவளிடம் ஆயிரம் காரணம் இருந்தது, வயசு, அம்மா, பத்து வருஷம், வாடகை வீடு. ஆனால் "தெரியல. போகணும் போல இருக்கு," என்றாள், சொல்லிவிட்டு அழுதாள்.

அவன் கையில் ஒட்டிய சாந்தைத் துடைத்தான். "வெலகினவுக எங்க போறாங்கன்னு எனக்குத் தெரியும். நல்ல எடந்தான். டீயெல்லாம் குடுப்பாங்க," என்றான். "ஆனா நின்னவுக என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. அத யாருகிட்ட கேக்க?"

கருவேலங்கரைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் விலகியவர்கள். நின்றவன் ஒருவன்கூட அந்த ஊருக்கு வந்ததில்லை.

நூறாம் நாள் சாயந்தரம் அவள் ஐந்தரை பஸ்ஸில் ஏறினாள். நூற்று ஐம்பது வரி முடிந்திருந்தது, தொண்ணூறு வரி பாக்கி. அவன் ஸ்டாப் வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டான். அவன் பஸ்ஸில் ஏறிப் பயனில்லை என்று இருவருக்கும் தெரியும். எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை, அவளிடம் அப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அவளும் அதைச் சொல்ல மறந்துவிட்டாள். பஸ் திரும்பும்போது பார்த்தாள். அவன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான், கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கின.

காளாஹாண்டியில் அவளுக்கு ஒரு கௌண்டர் கொடுத்தார்கள். மொழி தெரியாத ஜனங்கள் பாஸ்புக்கை நீட்டி அவளிடம் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வேலை பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவுக்கு வாராவாரம் போன் பேசினாள். "இருக்காவளா?" என்று கேட்பாள். "இருக்காவ, கட்டுதாவ," என்பாள் அம்மா. போனை அவனிடம் கொடுத்தால் அவன் எத்தனையாவது சுவரில் நிற்கிறான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவான். பிறகு அதுவும் வேண்டாம் என்றாள் வடிவு. தொண்ணூறு வரி, ஒரு நாளைக்கு ஒன்று, தொண்ணூறு நாள். தொண்ணூறாம் நாள் முடிந்தால் அம்மாவே கூப்பிடட்டும். நடுவில் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அம்மா பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் அதைத் தாங்கத் தன்னால் முடியாது என்று பயந்தாள்.

தொண்ணூறாம் நாள் போன் வரவில்லை.

தொண்ணூற்றொன்றாம் நாள் வரவில்லை. வடிவு போனைக் கையிலேயே வைத்திருந்தாள், கூப்பிடவில்லை. அந்த ஆட்களின் வேகம் மாறாது. சித்திரையில் இருந்தது மார்கழியிலும் இருக்கும். தொண்ணூறில் முடியவில்லை என்றால் நடுவில் எங்கேயோ கரண்டி குப்புறக் கிடக்கிறது, அம்மா சொல்ல மனசில்லாமல் இருக்கிறாள், அவ்வளவுதான் அர்த்தம். அவள் விலகியதும் அவனும் விலகிவிட்டான். நியாயந்தானே, எந்த முகத்தோடு கேட்பது? தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து என்று நாள் போயிற்று. கௌண்டரில் இரண்டு பேருக்குத் தப்பாகப் பதிந்துவிட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கினாள்.

தொண்ணூற்றெட்டாம் நாள் காலை, கௌண்டரில் கூட்டம் இருந்த நேரம், போன் அடித்தது.

"ஏளா, முடிச்சிட்டாவ," என்றாள் அம்மா. "நேத்து சாயங்காலம். கடைசி வரி. ஊரே வந்துட்டு. ஆறுநாள், மூணேகால் எல்லாரும் வந்து செவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்தானுவ. நயினாரு அழுதுட்டாரு."

வடிவுக்கு முதலில் கணக்குத்தான் வந்தது. "ஏழு நாளு கூட ஆயிருக்கே அம்மா. மேலுக்குச் சொகமில்லையா? எங்கயும் போயிருந்தாவளா?"

"எங்க போவாவ? ஒரு நாளு லீவு போடல. எட்டு மணிக்குச் சாரத்துல ஏறினா அஞ்சு மணி வரைக்கும் அங்கனதான்."

"பொறவு எப்படிம்மா?"

"நீ வருத்தப்படுவன்னு சொல்லல. பஸ்ஸு சத்தம் கேட்டா எறங்கிருதாவ. ரோட்டுக்குப் போயி, எல்லாரும் எறங்கி முடிக்க வரைக்கும் நின்னு பாத்துட்டு, திரும்ப வந்து ஏறுவாவ. நீ போன மறுநாளையில இருந்து. எந்த பஸ்ஸுன்னு இல்ல, எல்லா பஸ்ஸுக்கும்."

வடிவு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு சலானைத் திருப்பிப் போட்டு எழுதினாள். தொண்ணூற்றேழு நாளில் ஏழு நாள் குறைந்திருக்கிறது. நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை. ஏழு நாளை நிமிஷமாக்கி, தொண்ணூற்றேழு நாளுக்கும் பங்கு வைத்தாள். நாளுக்கு முப்பத்தொன்பது நிமிஷம் வந்தது. எட்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கருவேலங்கரையில் நிற்கும் பஸ் பதிமூன்று, அது அவளுக்கு மனப்பாடம். பஸ்ஸுக்கு மூன்று நிமிஷம். சாரத்திலிருந்து இறங்க, ரோட்டுக்குப் போக, கடைசி ஆள் இறங்கும் வரை நிற்க, திரும்பி ஏற.

வாழ்நாளில் அவள் போட்ட கணக்குகளில் இவ்வளவு சரியாக வந்தது வேறில்லை.

"இன்னைக்கு?" என்று கேட்டாள். "வேலதான் முடிஞ்சிட்டே. இன்னைக்கு என்ன செய்யுதாவ?"

"ரோட்டுலதான் நிக்காவ," என்றாள் அம்மா. "பத்தரை பஸ்ஸு வருது."

போனுக்குள்ளே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கண்டக்டர் கருவேலங்கரை கருவேலங்கரை என்று கத்தினார், யார் யாரோ இறங்கினார்கள், விசில் அடித்தது, பஸ் போயிற்று. கௌண்டருக்கு முன்னால் நின்ற கிழவர் பாஸ்புக்கை நீட்டியபடி பொறுமையாகக் காத்திருந்தார். வடிவு அழுதுகொண்டே அதை வாங்கி, தப்பில்லாமல் பதிந்து, அவர் கையில் கொடுத்தாள்.